சத்தம் வருது... படத்தைக் காணோம்!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து பெரியப்பா போன் செய்தால் இரண்டே காரணம்தான். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இருக்கும். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு முடியாமல் இருக்கும்.

"ஏலே, இதுக்குக் கோட்டி புடிச்சிருக்கு. நாகசுரம் கேக்கு, ஆள் பேசுறது கேக்கு, படத்தக் காணோம். ஒரே இருட்டு."

மகளின் வளைகாப்பு வீடியோ. மாப்பிள்ளை தன் ஐபோனில் எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். விசேஷத்தன்று பெரியப்பா பந்தி விசாரித்துக்கொண்டிருந்ததில் மனைப்பக்கமே போகவில்லை. மகள் கையில் யார் யார் வளையல் போட்டார்கள் என்பதை இனி வீடியோவில்தான் பார்க்க வேண்டும். பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் ஆகிறதாம்.

பெரியப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். பென் டிரைவை மூன்று தடவை கழற்றி மாட்டியாயிற்று. அதன் முனையைச் சட்டைத் துணியில் துடைத்தாயிற்று. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாயிற்று. மானிட்டர் ஒயரை ஆட்டிப் பார்த்தாயிற்று. தெருமுனைக் கடைப் பையன் வந்து பார்த்துவிட்டு, "ஓ.எஸ். போட்டுரலாம் சார், ஐந்நூறு ரூபா" என்று சொல்லிப் போயிருக்கிறான். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் எழுதித் தரப்படும் ஒரே மருந்துச் சீட்டு அது.

போனை வைக்கப்போகும்போது பெரியப்பா சொன்னார்: "வாட்ஸ்அப்ல இதே வீடியோதான வந்துச்சு? அது நல்லா ஓடுது. ஒரிஜினல்தான் ஓட மாட்டேங்கு."

ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்தியது இந்தக் கடைசி வாக்கியம்தான்.

"வீடியோ ஓடவில்லை" என்பது "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற ஒரு புகார். காய்ச்சலா, வயிற்று வலியா, எப்போதிலிருந்து என்று கேட்காமல் ஊசி போடுகிற டாக்டரிடம் நாம் போகமாட்டோம். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நேராக ஊசிக்குப் போய்விடுகிறோம். பிளேயரை நீக்கிவிட்டு மறுபடி போடுவது, இன்னொரு பிளேயர், அப்புறம் இன்னொன்று, கடைசியில் ஓ.எஸ். அதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேட்டால் போதும். இதே பிளேயரில் வேறு வீடியோ ஓடுகிறதா? இதே வீடியோ வேறு எங்காவது ஓடுகிறதா? முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் பிளேயர்மேல் பெரிதாகப் பழியில்லை. இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றால் ஃபைல் உருப்படியாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் இந்த ஃபைலுக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஏதோ பாஷைத் தகராறு. பெரியப்பா வீட்டில் நடந்தது இந்த மூன்றாவது.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு

நம் வீட்டு அடுப்படி அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். உள்ளே ஹார்லிக்ஸ் இருக்காது. துவரம்பருப்போ கடுகோ இருக்கும். புதிதாக வந்த மருமகள்தான் லேபிளை நம்பி ஏமாறுவாள்.

வீடியோ ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. எல்லாம் அந்தப் பாட்டில்தான். படத்தையும் ஒலியையும் சப்டைட்டிலையும் சேர்த்து அடைத்துவைக்கிற பாத்திரம். ரஷ்ய மத்ரியோஷ்கா பொம்மை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குமே, அதை வைத்துத்தான் 2002-ல் பிறந்த எம்.கே.வி.க்கு 'மத்ரோஸ்கா' என்று பெயர் வைத்தார்கள். பாத்திரத்துக்குள் இருக்கும் பண்டம் வேறு. படம் ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும், ஒலி இன்னொரு முறையில். அந்தச் சுருக்கும் முறைக்கும், திரும்ப விரிக்கும் மென்பொருளுக்கும் சேர்த்துத்தான் கோடெக் என்று பெயர்.

ஏன் சுருக்க வேண்டும்? பெரியப்பாவுக்குப் பிடித்த மாதிரி கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஃபுல் எச்.டி. படம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட். ஆக ஒரு படத்துக்கே சுமார் 6 எம்.பி. செகண்டுக்கு 30 படம் என்றால் ஒரு நிமிஷ வீடியோ 11 ஜி.பி.க்கு மேல் போய்விடும். ஐபோன் இதை எச்.264 என்ற முறையில் நிமிஷத்துக்குச் சுமார் 130 எம்.பி.யாக அடக்குகிறது. எச்.இ.வி.சி. எனப்படும் எச்.265 முறையில் சுமார் 60 எம்.பி.தான். கேமரா செட்டிங்ஸில் இந்தக் கணக்கை ஆப்பிளே எழுதிவைத்திருக்கிறது.

2017-ல் ஐ.ஓ.எஸ். 11 வந்தபோது ஐபோன் 7-லிருந்து எல்லாப் போன்களும் இந்த எச்.265-க்கு மாறின. மாப்பிள்ளையின் வீடியோ அதில்தான் இருந்தது. பெரியப்பாவின் பழைய விண்டோஸ் மீடியா பிளேயருக்கு அந்தப் பாத்திரத்தைத் திறக்கத் தெரியும். உள்ளே ஒலி இருந்த ஏ.ஏ.சி. முறையும் தெரியும், அதனால் நாகசுரம் வந்தது. எச்.265 மட்டும் தெரியாது, அதனால் இருட்டு. வாட்ஸ்அப்போ வீடியோவை அனுப்பும்போதே எல்லாருக்கும் தெரிந்த எச்.264-க்கு மாற்றி, இன்னும் நசுக்கி அனுப்பிவிடுகிறது. அசல் ஓடாமல் நகல் ஓடிய மர்மம் இவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? வி.எல்.சி. பிளேயரில் ஃபைலைத் திறந்து கண்ட்ரோல் விசையோடு 'ஜே'யை அழுத்தினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். படத்துக்கு ஒரு வரிசை, ஒலிக்கு ஒரு வரிசை என்று எல்லாம் அதில் இருக்கும். வீடியோ ஓடாதபோது நான் முதலில் பார்க்கும் நாடி இதுதான்.

இவ்வளவு பெரிய மைக்ரோசாஃப்ட் ஒரு கோடெக்கை ஏன் சும்மா சேர்த்துத் தரக்கூடாது என்று நியாயமாகவே கேட்கலாம். விஷயம் காப்புரிமை. எச்.265-க்குள் எத்தனையோ நிறுவனங்களின் கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. அவர்கள் ஒரே கூட்டாகச் சேர்ந்து உரிமத்தொகை வாங்காமல் தனித்தனிக் கூட்டணிகளாகப் பிரிந்து நின்றார்கள். யாருக்கு எவ்வளவு கட்டுவது என்பதே தலைவலியாயிற்று. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் தன் ஸ்டோரில் அதைத் தனி இணைப்பாக, சின்னத் தொகைக்கு விற்கிறது. இந்த இழுபறியில் வெறுத்துப்போன கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் போன்றவர்கள் 2015-ல் ஒன்றுகூடி, உரிமத்தொகை இல்லாத ஏ.வி.1 என்ற முறையை 2018-ல் கொண்டுவந்தார்கள். ஆக, பாளையங்கோட்டையில் ஒரு வளைகாப்பு இருட்டாகத் தெரிந்ததற்குக் காரணம், எங்கோ வக்கீல்கள் போட்ட சண்டை.

டாட் ஃபைல் காலம்

இது புதுச் சிக்கல் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வி.சி.டி. நினைவிருக்கும். 1993-ல் வந்த அந்தத் தட்டில் 74 நிமிஷம்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் மூன்று தட்டு. படம் சூடு பிடிக்கும் இடத்தில் எழுந்துபோய்த் தட்டு மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டால் எம்பெகாவ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் டாட் என்ற வாலோடு ஒரே ஒரு பெரிய ஃபைல். இரண்டு முறை கிளிக் செய்தால் 'எதில் திறக்க?' என்று கம்ப்யூட்டர் நம்மையே கேட்கும். பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒருவர்தான் எனக்கு அந்த ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தார்: ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, பெயரின் வாலை எம்.பி.ஜி. என்று மாற்று, ஓடும். ஓடியது. உள்ளே இருந்தது எம்பெக்-1 என்று எல்லாப் பிளேயருக்கும் தெரிந்த பண்டம்தான். லேபிள் மட்டும்தான் புரியவில்லை. இன்றும் சிலர் எம்.கே.வி. ஃபைலின் பெயரை எம்.பி.4 என்று மாற்றிவிட்டு, 'கன்வர்ட் பண்ணிட்டேன்' என்பார்கள். அது அந்தக் காலத்து வைத்தியத்தின் மிச்சம். பாட்டிலின் லேபிளை மாற்றினால் பருப்பு ஹார்லிக்ஸ் ஆகாது.

பிறகு டிவ்எக்ஸ், எக்ஸ்விட் காலம். ஒரு முழுப் படமும் ஒரே சி.டி.யில் அடங்கியது. கூடவே 'கோடெக் பேக்' என்ற பெருவியாதியும் வந்தது. ஒன்று ஓடவில்லை என்று ஒரு மூட்டை கோடெக் போடுவோம். அது ஏற்கனவே இருந்த இன்னொன்றின் காலை வாரிவிடும். இன்னொரு மூட்டை போடுவோம். கடைசியில் எந்த வீடியோவை எது விரிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஏக்கத்தையே திருடர்களும் பயன்படுத்தினார்கள். 'இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக் வேண்டும்' என்று கேட்டு உள்ளே நுழைந்த ஸ்லாப் என்ற ட்ரோஜன் 2005 வாக்கில் தலைகாட்டியது. இருபது வருஷம் ஆகியும் அந்த வாசகம் மாறவில்லை. ஒரு வீடியோ தன்னைப் பார்க்க ஏதோ ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொன்னால், பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சுக் கூம்பு

கோடெக் மூட்டைகளிலிருந்து நம்மைக் கரையேற்றியது ஒரு மாணவர் விடுதி. பாரிஸின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை அது. கல்லூரி வளாகத்தின் நெட்வொர்க் வழியாக வீடியோவை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். அதற்காக எழுதிய மென்பொருள் 2001 பிப்ரவரியில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியே வந்தது. அதுதான் வி.எல்.சி. மாணவர்கள் ரோட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்துவைத்த போக்குவரத்துக் கூம்புகள்தான் அதன் சின்னமாயின.

அதன் சாமர்த்தியம், விரிக்கும் வேலைக்கு விண்டோஸை எதிர்பார்க்காமல் தேவையான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது. அவற்றில் பெரும்பகுதி, பிரெஞ்சுக்காரரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ல் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்ற திட்டத்திலிருந்து வருகிறது. உலகில் வீடியோவைத் தொடுகிற மென்பொருளில் பாதிக்குமேல் இதன் தயவில் ஓடுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்தவன் இல்லை. காப்புரிமைக் கேள்விக்கு வி.எல்.சி.காரர்களின் பதில்: மென்பொருளுக்குக் காப்புரிமை என்பதைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை, நாங்கள் பிரான்சில் இருக்கிறோம்.

நமக்கும் அதற்கும் ஒரு கதை உண்டு. 2022-ல் பல மாதங்களுக்கு வி.எல்.சி.யின் இணையதளம் இந்தியாவில் திறக்கவில்லை, தடுக்கப்பட்டிருந்தது. சட்ட நோட்டீஸ் போன பிறகு நவம்பரில் தடை நீங்கியது. அசல் கடை பூட்டியிருந்தால் ஜனங்கள் எதிர்ப்பக்கம் தெரியும் ஏதோ ஒரு கடையில் வாங்குவார்கள். பிளேயரோடு வேண்டாததும் சேர்ந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு பாடம் இருக்கிறது. 2014 ஜனவரியில் அங்கே மோஞ்சு அணு உலையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்த ஒரு கம்ப்யூட்டரில் கிருமி புகுந்தது தெரியவந்தது. ஊழியர் ஒருவர் கோம் பிளேயர் என்ற வீடியோ மென்பொருளை அப்டேட் செய்தபோது அது வந்ததாகச் சொன்னார்கள். அணு உலையில் எதற்கு வீடியோ பிளேயர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெரியப்பாவிடம் போனிலேயே சொல்லிச் சொல்லி வி.எல்.சி.யைப் போடவைத்தேன். "படம் வருதுல்லா!" என்றார். பெரியம்மாவின் குரலும் பின்னால் கேட்டது. பத்து செகண்டுதான்.

"ஏலே, உங்க பெரியம்மை கை நெத்திக்கிட்டயே நிக்கு. ஆனா பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு."

முகம் உருகும் காரணம்

எச்.265 பாதி இடத்தில் அடக்குகிறது என்றால் மீதிப் பாதி சும்மா மறைந்துவிடவில்லை. அதற்கான உழைப்பை விரிக்கிறவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெரியப்பாவின் கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. இன்டெல் சிப்புகளுக்குள் எச்.265-ஐ விரிக்கவென்றே தனிச் சுற்று சரியாக அமைந்தது 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையில்தான். பத்து பிட் நிறம் கொண்ட வீடியோ என்றால் ஏழாம் தலைமுறை வேண்டும். ஏ.வி.1-க்குப் பதினொன்று. அந்தச் சுற்று இல்லாத கம்ப்யூட்டரில் பொதுவான பிராசஸரே எல்லாக் கணக்கையும் போட்டாக வேண்டும். 4கே வீடியோ என்றால் அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஒலியை விரிப்பது லேசான வேலை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். படம் பின்தங்கும், தவறவிட்டதைத் தாவித் தாண்டும், மறுபடி நிற்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து சி.பி.யூ. நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நின்றால் பிளேயரை மாற்றிப் புண்ணியமில்லை.

சில நேரம் படம் நிற்பதற்குப் பதிலாக முகம் உருகி ஓடும். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி மாமியாரின் தோளில் போய் ஒட்டிக்கொள்ளும், சாம்பல் நிறத் திட்டுகள் ஊரும். இதற்கும் ஒரு காரணம் உண்டு. சுருக்கும்போது எல்லாப் படத்தையும் முழுசாக எழுதுவதில்லை. எப்போதாவது ஒன்றுதான் முழுப் படம். நடுவில் வருபவை எல்லாம் 'போன படத்தில் இருந்த இந்தத் துண்டை இவ்வளவு நகர்த்து' என்ற குறிப்புகள். குறிப்பில் ஒன்று தொலைந்தாலும், எதை நகர்த்துவது என்று தெரியாமல் தவறான துண்டை நகர்த்திக்கொண்டே போகும். அடுத்த முழுப் படம் வந்ததும் சட்டென்று எல்லாம் சரியாகிவிடும். ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் உருகினால் ஃபைலில் பழுது, மறுபடி காப்பி செய்யுங்கள். வேறு வேறு இடத்தில் உருகினால் கம்ப்யூட்டரைப் பாருங்கள்.

பச்சைத் திரை வருகிறது என்றும் சிலர் கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்த கோளாறு. வீடியோவில் நிறத்தைச் சிவப்பு-பச்சை-நீலமாக வைப்பதில்லை. வெளிச்சம் ஒன்று, நிற வித்தியாசம் இரண்டு என்று மூன்று எண்களாக வைப்பார்கள். மூன்றுமே பூஜ்யமாக இருந்தால் கறுப்பு வரும் என்றுதானே நினைப்போம்? நிற எண்களுக்கு நடுநிலை பூஜ்யம் இல்லை, 128. அதனால் எல்லாம் பூஜ்யம் என்றால் வருவது கரும்பச்சை. ஆக, பச்சைத் திரை என்பது 'எனக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை' என்று கிராஃபிக்ஸ் கார்டு சொல்லும் பாஷை. பெரும்பாலும் டிரைவர் கோளாறு. வி.எல்.சி.யின் டூல்ஸ், பிரிஃபரன்சஸ் உள்ளே போய், இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை 'டிஸேபிள்' செய்து பிளேயரை மூடித் திறந்தால் படம் வந்துவிடும். பிறகு நிதானமாகக் கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யலாம்.

பெரியப்பாவுக்கு அந்த வழி உதவாது. இருக்கிற சுற்றை அணைக்கலாம், இல்லாத சுற்றை உண்டாக்க முடியாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டு, எச்.264-க்கு, 1080 அளவுக்கு மாற்றச் சொல்லிவிட்டு மத்தியானம் தூங்கப் போகச் சொன்னேன். கடையில் கேட்டால் இதையும் ஓ.எஸ். போட்டுத்தான் சரிசெய்திருப்பார்கள். மாப்பிள்ளைக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: அடுத்த விசேஷத்துக்குக் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்பதைத் திறந்து 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

காதுக்கு வரும் கோளாறு

ஒலிச் சிக்கல்களில் முக்கால்வாசி சிக்கலே இல்லை. டி.வி.யை எச்.டி.எம்.ஐ. ஒயரில் மாட்டிய நாளிலிருந்து கம்ப்யூட்டர் ஒலியை டி.வி.க்கு அனுப்பிக்கொண்டிருக்கும், டி.வி. அணைந்திருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் முடிந்தது. டெஸ்க்டாப் என்றால் பின்னால் குனிந்து ஸ்பீக்கர் பின் பச்சைத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரோஜா நிறம் மைக்குக்கு. வெள்ளை அடித்த பிறகு மாற்றிச் செருகப்பட்ட ஸ்பீக்கர்களை நான் எத்தனையோ வீட்டில் காப்பாற்றியிருக்கிறேன்.

உண்மையான தொந்தரவு வேறொன்று. சினிமாப் படத்தில் பாட்டு காதைக் கிழிக்கும், வசனம் கிசுகிசுவென்று கேட்கும். ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஃபைலில் ஒலி 5.1 ஆக, ஆறு தடங்களில் இருக்கும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் வரும். நம்மிடம் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். ஆறையும் இரண்டில் கலக்கும்போது வசனம் அமுங்கிப்போகிறது. வி.எல்.சி.யில் கண்ட்ரோலோடு 'இ' அழுத்தி, ஒலிப் பகுதியில் கம்ப்ரஸரை இயக்கினால் சத்தமானது தணிந்து மெதுவானது எழும்பும். இரவில் படம் பார்க்கிறவர்கள், பக்கத்து அறையில் குழந்தையைத் தூங்கவைத்தவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்றால் 'ஜே', 'கே' விசைகள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி 50 மில்லி செகண்ட் முன்னோ பின்னோ நகரும். புளூடூத் ஹெட்போன் மாட்டியிருந்தால் நான்கைந்து தட்டு தேவைப்படலாம், ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க அதற்கு நேரமாகிறது.

வட்டத்துக்குள் ஓர் எழுத்து

தமிழ் சப்டைட்டிலுக்கு வருவோம், இது நம் வீட்டுப் பிரச்சினை. கொரியப் படத்துக்கோ மலையாளப் படத்துக்கோ யாரோ ஆசையாசையாகத் தமிழில் எழுதிய எஸ்.ஆர்.டி. ஃபைலைப் போடுகிறோம். திரையில் தமிழைக் காணோம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதன் பின்னால் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி சாய்கோட்டு 'ஏ', மறுபடி வட்டத்து 'ஆர்'. வரி முழுக்க இதுவே.

அந்தக் குப்பையைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவேன். ஃபைல் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட் ஒன்றுதான், இரண்டாவதும் அநேகமாக ஒன்றுதான். இதை யு.டி.எஃப்-8 என்று அறியாமல் மேற்கத்திய முறையில் படிக்கிற பிளேயருக்கு முதல் பைட் சாய்கோட்டு 'ஏ'வாகவும், இரண்டாவது பதிவு பெற்ற வணிகச் சின்னம் என்பதற்குப் போடும் வட்டத்து 'ஆர்' ஆகவும் தெரிகிறது. பிரிஃபரன்சஸில் சப்டைட்டில் பக்கத்துக்குப் போய், என்கோடிங்கை யு.டி.எஃப்-8 என்று வைத்துப் பிளேயரை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அது வேறு: அந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை. அதே பக்கத்தில் நிர்மலா யு.ஐ. அல்லது லதாவைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு முன்னால் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பிளேயர் பழசு. பழைய பாமினி ஃபான்ட் காலத்து ஃபைலாக இருந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக்கிடக்கும், அதை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றித்தான் தீர வேண்டும்.

சப்டைட்டில் முந்தியோ பிந்தியோ வந்தால் 'ஜி', 'எச்' விசைகள். ஆனால் முதல் காட்சியில் சரியாக இருந்து, இடைவேளையில் மூன்று நிமிஷம் விலகி, கிளைமாக்ஸில் ஆறு நிமிஷம் விலகினால் விசையைத் தட்டிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. செகண்டுக்கு 24 படம் ஓடும் பிரதிக்கு எழுதியதை 25 படம் ஓடும் பிரதிக்குப் போட்டிருக்கிறீர்கள். நான்கு சதவீத வித்தியாசம், இரண்டரை மணி நேரத்தில் ஆறு நிமிஷம். டூல்ஸில் டிராக் சின்க்ரனைசேஷன் என்ற இடத்தில் சப்டைட்டிலின் வேகத்தையே மாற்றலாம். வேறு பிரதிக்கான சப்டைட்டிலைத் தேடுவது அதைவிட லேசு.

பொருளடக்கம் இல்லாத புத்தகம்

எதனாலும் ஓடாத ஃபைலும் உண்டு. தம்பி மகன் காதுகுத்தைக் குலதெய்வக் கோயிலில் ஒரு சின்ன கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தேன். பையன் மடியில் அழுகிறான், ஆசாரி கம்பியை எடுக்கிறார், நாற்பது நிமிஷப் பதிவு. ஸ்டாண்டில் நின்ற கேமராவின் மூடியைத் திறந்து பேட்டரியை உருவிவிட்டது பக்கத்து வீட்டு வாண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது, அளவும் ஜி.பி. கணக்கில் இருக்கிறது, நீளம் மட்டும் பூஜ்யம். வி.எல்.சி.யும் கைவிரித்துவிட்டது.

எம்.பி.4-ன் அமைப்பு அப்படி. படமும் ஒலியும் வரிசையாக எழுதப்பட்டுக்கொண்டே போகும். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற பொருளடக்கம் 'மூவ்' என்ற பகுதியில் இருக்கும். பதிவு முடிந்தபிறகுதான் கேமரா அதை எழுதி ஃபைலை மூடும். நடுவில் உயிர் போனால் உள்ளே எல்லாம் இருந்தும் எதுவும் கிடைக்காது. பக்க எண்ணே இல்லாமல் கட்டு அவிழ்ந்து கிடக்கும் புத்தகம் மாதிரி. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இதற்கு இருக்கிறது. அதே கேமராவில் அதே செட்டிங்ஸில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து இதற்குப் புதிதாகப் பொருளடக்கம் எழுதித் தர முயலும். எனக்குக் கிடைத்தது முப்பத்தெட்டு நிமிஷம். ஆசாரி கம்பி எடுத்தது இருக்கிறது. அதனால் பழுதான ஃபைலை யாரும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள், கேமராவையும் விற்காதீர்கள்.

பெரிய ஃபைலைப் பென் டிரைவில் ஏற்ற முடியவில்லை என்று வருவது தனிக் கதை. பழைய எஃப்.ஏ.டி.32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டு ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி பெரியப்பா. ஹேண்ட்பிரேக் வேலையை முடித்துவிட்டது. படம் நிற்காமல் ஓடுகிறது, நாகசுரமும் படமும் ஒன்றாகப் போகின்றன. பெரியம்மா ஒவ்வொருத்தர் சேலையாகப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாம் சரிதாம்ல. ரெண்டாவது வீடியோவுல மட்டும் அத்தன பேரும் படுத்துக் கெடக்காவ."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்: "எடுக்க ஆரம்பிக்கும்போது மாப்பிள்ளை எதைக் காட்டியிருக்காரு?"

"தரையில வச்சிருந்த வளையல் தட்ட."

போன் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும்போது பதிவைத் தொடங்கினால் எது மேல், எது கீழ் என்று அதற்குக் குழப்பம் வந்துவிடும். தொடக்கத்தில் எந்தக் கோணத்தை எழுதிக்கொள்கிறதோ அதையேதான் கடைசிவரைக்கும் வைத்துக்கொள்ளும், பிறகு நிமிர்த்திப் பிடித்தாலும் மாறாது. வி.எல்.சி.யில் கண்ட்ரோலோடு 'இ' அழுத்தி, வீடியோ எஃபெக்ட்ஸில் ஜியோமெட்ரி, அதில் டிரான்ஸ்ஃபார்ம் என்று போனால் தொண்ணூறு டிகிரி திருப்பிக்கொள்ளலாம். விசை விசையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேண்டாம்ல," என்றார் பெரியப்பா. "மானிட்டரத் தூக்கிச் செவுத்துல சாய்ச்சு வச்சுட்டேன். உங்க பெரியம்மை நல்லாத் தெரியுதுங்கா."